பதிவேட்டின்படி ஐந்து நாய்கள்

யெனிகுயு சந்தின் நாய்க்கு ஒரு சொந்தக்காரரைப் பிடித்துக் கொடுத்தே தீருவது என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, அந்த நாய் நெர்மினின் சலவைக்கடை வாசலை அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கடைச் சுவரில் நீராவி வெளியேறும் குழாய் ஒன்று உண்டு. அதன் கீழே படுத்தால் இஸ்தான்புல்லின் எந்தக் குளிரும் அண்டாது. வாடிக்கையாளர்கள் தேய்த்த கோட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நாயைத் தாண்டித்தான் போவார்கள். அதை எழுப்பி நகர்த்தலாமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பெரிய பழுப்பு நாய். நெர்மின் அதைக் கும்ரல் என்பாள். கறிக்கடை ஹய்ரிக்கு அது பாஷா. ரொட்டிக்கடை இல்யாஸ், அது வளைந்து படுக்கும் அழகைப் பார்த்து, எள் தூவிய வளைய ரொட்டியின் பெயரை வைத்து சிமித் என்று கூப்பிட்டார். தேநீர்க்கடை துர்முஷ் வைத்த பெயர் முக்தார், அதாவது பேட்டைத் தலைவர். தெருவில் எந்தச் சண்டை நடந்தாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு முடிவும் சொல்லாமல் எழுந்து போகும் என்பதால் அந்தப் பெயர். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை மெலாஹத், பேட்டையைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவதால் மகெல்லன் என்றார். ஐந்து பெயருக்கும் நாய் திரும்பிப் பார்க்கும். கையில் தின்ன ஏதாவது இருந்தால் ஆறாவது பெயருக்கும் பார்க்கும்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை. அதனால்தான் 'துணைப்பிராணி உரிமையாளர் உறுதிப்பாட்டு இயக்குநரகம்' தொடங்கப்பட்டது.

தொடக்க விழா படகுத்துறைச் சதுக்கத்தில் நடந்தது. கூடாரம், சிவப்பு ரிப்பன், வெல்வெட் தட்டில் கத்தரிக்கோல், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கத்தரிக்கோல். இயக்குநர் ஃபெய்யாஸை எல்லாரும் மரியாதைக்கு 'பெய்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்; அவர் அணிந்திருந்த கோட்டு நெர்மின் தேய்த்துக் கொடுத்தது. மடிப்பு கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் கூட்டத்துக்கே போனாள்.

"அன்பான குடிமக்களே!" என்றார் ஃபெய்யாஸ் பெய். "இந்த நகரத்தில் நாய்களும் பூனைகளும் பல நூறு ஆண்டுகளாக யாருடைய அனுமதியும் இல்லாமல் நேசிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அந்த அவலத்துக்கு இன்று முற்றுப்புள்ளி! இனி ஒவ்வொரு பிராணியின் கழுத்துத் தோலுக்கு அடியிலும் ஓர் அரிசி மணி அளவுக்குச் சிப் இருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கும். அன்பு என்றால் அதற்கு ஒரு முகவரி வேண்டும். முகவரி இருந்தால்தான் நாங்கள் நடவடிக்கை எடுக்க முடியும். நாய்களைப் பராமரிக்க நம்மிடம் இடமில்லை, ஆளில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் எத்தனை நாய்களை நாம் பராமரிக்கவில்லை என்பதை இனிமேல் துல்லியமாகச் சொல்ல முடியும்!"

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் இயக்குநரக ஊழியர்கள்.

"மாதக் கடைசிக்குப் பிறகு சொந்தக்காரர் இல்லாத நாய் எதுவும் தெருவில் இருக்காது. மலைக்கு அப்பால் இருக்கும் காப்பகத்துக்குக் கொண்டு செல்லப்படும். அங்கே அவை மிகவும் நிம்மதியாக இருக்கும். இதுவரை எந்த நாயும் அங்கிருந்து திரும்பி வந்து புகார் சொன்னதில்லை."

நெர்மின் கோட்டின் மடிப்பைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

முதல் சிப்பைப் பொருத்தும் நேரம் வந்தது. அப்போதுதான் சதுக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை என்று தெரிந்தது. விருந்தினர்கள் வருகிறார்கள் என்று முந்தின நாளே சதுக்கத்தில் இருந்த நாய்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பூனைகள் இருந்தன. ஆனால் அவற்றைத் தூக்கப் போன ஊழியர்கள் கையில் கீறலோடு திரும்பியதால், பூனைகள் இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுவதாக அங்கேயே அறிவித்தார்கள். கடைசியில் ஒருவர் ஓடிப்போய் பொம்மைக்கடையிலிருந்து ஒரு பஞ்சு நாயை வாங்கி வந்தார். அதன் கழுத்தில் சிப் ஏறியது. பதிவேட்டில் முதல் எண், 'முன்னோடி' என்ற பெயர், தலையைத் தடவும் இயக்குநரின் கையோடு ஒரு புகைப்படம். பின்னாளில் தடுப்பூசித் தேதி தவறாத ஒரே பிராணி என்று அதற்குப் பாராட்டுக் கடிதமும் போனது.

யெனிகுயு சந்துக்காரர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இல்யாஸின் கடைச் சுவரில் ஒரு கொக்கி உண்டு. வசதி இருக்கிறவர் இரண்டு ரொட்டிக்குக் காசு கொடுத்து ஒன்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். இல்லாதவர் வந்து எடுத்துக்கொள்வார். மாட்டியவர் யார் என்று எடுப்பவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. செய்த நல்லதை வாய்விட்டுச் சொல்வதைவிட, கடைத்தெருவில் கால்சட்டை அவிழ்ந்து நிற்பது மேல் என்று நினைக்கிற ஜனங்கள் அவர்கள். அந்த நல்ல பழக்கம்தான் அவர்களை மாட்டிவிட்டது.

நாலு இரவு தூக்கமில்லாமல் கிடந்தபின், ஒரு காலை கடையைத் திறக்கும் முன், ஒருவருக்கும் தெரியாமல் நெர்மின் நாயைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். போகிற வழியெல்லாம் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே போனாள். "பயப்படாதேடா ராசா. ஒரு ஊசிதான். கண்ணை மூடிக்கோ."

நாய் பயப்படவில்லை. கூடாரத்தைக் கண்டதும் அவளை முந்திக்கொண்டு ஓடி, தானாக மேஜைமேல் ஏறி, கழுத்தை நீட்டிக் காட்டி, வாயைத் திறந்தது.

"நல்லா பழக்கி வெச்சிருக்கீங்களேம்மா!" என்றார் மருத்துவர். ஊசி போட்டதும் பூண்டு மணக்கும் சுஜுக் இறைச்சித் துண்டு ஒன்றை அதன் வாயில் போட்டார். "வீடு எங்கே?"

"இதுக்கா? தெருவுலதான்."

"தெரு முகவரி இல்லம்மா, வழி. நீங்க படுக்கற இடத்தைச் சொல்லுங்க."

சொன்னாள்.

"என்ன ஜாதி?"

"தெருநாய்ங்க."

மருத்துவர் திரையில் மேலும் கீழும் தேடினார். "அப்படி ஒண்ணு பட்டியல்லயே இல்லையே. 'நார்வே வேட்டைநாய்'னு போட்டுக்கறேன். ஆரம்பத்துலருந்து அது யாருக்கும் போகாமக் கிடக்கு."

"ஐயா, ஏற்கெனவே யாராவது இதுக்குப் போட்டிருந்தா?"

"அதைப் பார்க்கறதுக்குத்தான் மிஷின் வரப்போகுது. சிப்பு முதல் கட்டம், அதைப் படிக்கற மிஷின் ரெண்டாம் கட்டம். முதல்ல போடுவோம், அப்புறம் போட்டோமான்னு பார்ப்போம்."

அந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு மருத்துவர் பணியில் இருந்தார். ஒவ்வொரு நாளும் யெனிகுயு சந்திலிருந்து யாரோ ஒருவர், யாருக்கும் தெரியாமல், ஒரு பெரிய பழுப்பு நாயோடு வந்து போனார்.

மாதக் கடைசியில் பேட்டைக்கே ஒரு கேடயம் கிடைத்தது. அத்தனை சின்னச் சந்தில் ஐந்து நாய்கள் பதிவாகியிருப்பது நகரத்திலேயே முதலிடமாம். 'மிகப் பொறுப்பான தெரு' என்று எழுதியிருந்த அந்தக் கேடயத்தைத் துர்முஷின் தேநீர்க்கடையில் மாட்டினார்கள். ஐந்து பேரும் அதன் அடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, மற்ற நாலு நாய்கள் யாருடையவை என்று மனசுக்குள் குடைந்துகொண்டிருந்தார்கள். ஹய்ரி வீட்டுக்குள் ரகசியமாக ஒரு குட்டியை வளர்க்கிறான் என்பது நெர்மினின் சந்தேகம். டீச்சரைத்தான் சந்தேகித்தான் ஹய்ரி.

அப்புறம் மிஷின் வந்தது.

தோல்கா என்ற இளம் ஆய்வாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். பார்க்க முட்டைக்கரண்டி மாதிரி இருந்தது. வெள்ளைக் கோட்டைக் கண்ட நாய் எழுந்து, உடம்பை உதறி, பழக்கம் விடாமல் கழுத்தைக் காட்டியது. மிஷின் 'பீப்' என்றது. தோல்கா எழுதிக்கொண்டார். மறுபடியும் 'பீப்'. அவர் மிஷினைக் கையில் தட்டினார். பீப். பீப். நெர்மின் கடைக்குள்ளிருந்து வந்தாள். பக்கத்துக் கறிக்கடையிலிருந்து ஹய்ரி கத்தியோடு வெளியே வந்து நின்றான். ஐந்தாவது முறை கத்தியதும் மிஷின் ஓய்ந்தது. நாய் வாயைத் திறந்து சுஜுக்குக்காகக் காத்திருந்தது.

"இங்க அஞ்சு நாய் இருக்கு," என்றார் தோல்கா. "நாலு கண்ணுக்குத் தெரியல."

பெயர்களைப் படித்தார். சத்தம் கேட்டு மற்ற மூவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் வாய் திறந்தார்கள்.

"ஹய்ரி! நீயுமா?" என்றார் இல்யாஸ்.

"ஏன், நான் பண்ணக்கூடாதா? உங்க மாவுக் கையை வெச்சுக்கிட்டு நீங்க எப்பண்ணே போனீங்க?"

"டீச்சர், நீங்க அன்னிக்கு கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதானே மகெல்லனைக் கூட்டிட்டுப் போனீங்க?" என்றான் துர்முஷ்.

"நான் சட்டத்தை மதிக்கறவ," என்றார் மெலாஹத், முகம் சிவந்து.

"சட்டத்தை மதிச்சு என்ன ஜாதின்னு எழுதினீங்க?"

"போர்ச்சுகல் நாட்டு நீச்சல் நாய்."

துர்முஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. நெர்மின் குனிந்து நாயின் காதைத் தடவினாள். இத்தனை நாளாக இந்த நாயின் கதியை நினைத்துத் தான் ஒருத்திதான் தூக்கமில்லாமல் கிடந்தோம் என்று நினைத்திருந்தாளே!

தப்பு நடந்துவிட்டது, போய்ச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று ஐந்து பேரும் இயக்குநரகத்துக்குக் கிளம்பினார்கள். அரசாங்க அலுவலகத்தைப் பற்றி இப்படி நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஃபெய்யாஸ் பெய் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, அன்பாகவே கேட்டார். "மீதி நாலு நாயை என்ன பண்ணினீங்க?"

"மீதின்னு எதுவும் இல்லீங்க. இருக்கறதே ஒண்ணுதான்," என்றாள் நெர்மின்.

"பதிவேட்டுல அஞ்சு இருக்கு. தெருவுல ஒண்ணு இருக்கு. தெரு தப்புங்கறீங்களா, பதிவேடு தப்புங்கறீங்களா?"

"தெரு எப்படிங்க தப்பா இருக்கும்?"

"பதிவேடும் தப்பா இருக்க முடியாதும்மா. அதை அங்காராவுக்கு அனுப்பியாச்சு. அவங்க பாராட்டும் வந்தாச்சு. பதிவு செஞ்ச நாயைக் கைவிடறது குற்றம், தெரியுமில்ல?"

"அப்ப நாலு பதிவை அடிச்சிருங்க."

"அதுக்கு நாய் செத்திருக்கணும். சடலத்தைக் கொண்டுவந்து காட்டணும்."

"சடலம்தானே," என்று ஆரம்பித்த கறிக்கடைக்காரன் தொடையில் டீச்சர் நறுக்கென்று கிள்ளினார்.

"ஐயா, அதோட காதுல ஒரு மஞ்சள் பட்டை இருக்கே, முன்னாடி ஊசி போட்டு நகராட்சியே குத்தினது," என்றார் இல்யாஸ். "அது போதாதா?"

"அது பழைய நிர்வாகத்தோட நாய். அதை நாங்க அங்கீகரிக்கல." ஃபெய்யாஸ் பெய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அந்த நாய்மேல எந்தக் கோபமும் இல்ல. நானும் பிராணிகளை நேசிக்கறவன்தான், என் அறையிலயே முன்னோடியை வெச்சிருக்கேன் பாருங்க. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. அஞ்சு பேர் சொந்தம் கொண்டாடற நாய், சட்டப்படி அநாதை. சந்தேகம் தீர்ற வரைக்கும் அது காப்பகத்துல இருக்கும்."

"சந்தேகம் எப்பத் தீரும்?"

"இதுக்கு முன்னாடி வந்த சந்தேகம் எதுவும் இன்னும் தீரல. அதனால அனுபவத்தை வெச்சு சொல்ல முடியாது."

யாரும் தேநீரைத் தொடவில்லை. துர்முஷ் மட்டும், தொழில் பழக்கம், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"ஒரு வழி இருக்கு," என்றார் ஃபெய்யாஸ் பெய். அவர் நெர்மினைப் பார்த்துத்தான் சொன்னார். "என் கோட்டை நல்லா தேய்ச்சுத் தர்றீங்க, உங்களுக்காக சொல்றேன். நீங்க ஒருத்தர் மட்டும் உரிமையாளர்னு கையெழுத்து போடுங்க. இவங்க நாலு பேரும் 'எனக்கும் இந்த நாய்க்கும் எந்த சம்பந்தமும் இல்ல'ன்னு எழுதிக் கொடுக்கட்டும். நாயை வீட்டுக்குள்ள கட்டி வெச்சுக்கங்க. தெருவுல யார் கையாலயும் எதுவும் வாங்கித் தின்னக்கூடாது. அவ்வளவுதான்."

பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போடு நெர்மின்," என்றான் ஹய்ரி. அவன் குரல் கறிக்கடையில் கேட்கிற குரலாக இல்லை. "உயிரோட இருந்தாப் போதும். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கறோம்."

நெர்மினுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். புருஷன் போனதிலிருந்து கடைக்கு மேலே அந்த இரண்டு அறையில் அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள், தனியாகத்தான் டிவியோடு பேசுகிறாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்பளத்தை விரித்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பேனாவைக் கையில் எடுத்தேவிட்டாள்.

அப்புறம் டீச்சரின் ஊன்றுகோல் கண்ணில் பட்டது. நாய் வந்து வாசலில் குரைத்தால்தான் மெலாஹத் டீச்சர் படியிறங்குவார். அது வராத நாளில் அவர் வெளியே வருவதே இல்லை. ஜெர்மனிக்குப் போன மகள் பேசுவதில்லை என்ற விஷயத்தை ஹய்ரி இந்த உலகத்தில் ஒரு ஜீவனிடம்தான் சொல்லியிருக்கிறான். கடைக்குப் பின்னால் கறியைக் கழுவிக்கொண்டே அவன் பாஷாவிடம் சொன்னது, சுவருக்கு இந்தப் பக்கம் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்திருந்தது. அந்த நாயைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் கட்டிவைத்தால், கட்டிவைத்த மறுநாளே அது அந்த நாயாக இருக்காது. இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மேஜை மேலிருந்த பஞ்சு நாயை அப்படியே தூக்கி எறியலாமா என்று வந்தது.

"மாட்டேன்," என்றாள்.

"அம்மா, யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. அது என் நாய்தான். ஆனா என் நாய் மட்டும் இல்ல. பொய்யா ஒரு கையெழுத்து போட்டாத்தான் உங்க சட்டத்துல உண்மையாகும்னா, அந்த உண்மையை நீங்களே வெச்சுக்கங்க. இனிமே கோட்டையும் வேற எங்கயாவது குடுத்துக்கங்க."

கூண்டு வண்டி ஒரு காலைப் பொழுதில் வந்தது. முன்னால் ஓட்டுநரும் ஃபெய்யாஸ் பெய்யும். பின்னால் ஒரு காரில் வெள்ளைக் கோட்டு ஆட்களும் ஒரு புகைப்படக்காரரும். சட்டம் தன் கடமையைச் செய்யும்போது படம் எடுக்காமல் விட்டால் செய்ததாகவே ஆகாது என்பது இயக்குநரின் கொள்கை. தெரு முழுக்கக் கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி இறங்கின. ஹய்ரி நாயை ஒளித்துவைக்க இடம் தேடி ஓடினான். ஆனால் நாய் ஒத்துழைக்க வேண்டுமே! வெள்ளைக் கோட்டுகளைக் கண்டதும் அது குதூகலமாக வாலை ஆட்டி, ஒரே தாவலில் கூண்டுக்குள் ஏறி, திரும்பி நின்று, கழுத்தைக் காட்டி வாயைத் திறந்தது. ஊழியர் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே தன் மதியச் சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டார்.

கூண்டுக் கதவை மூடப்போன கையை நெர்மின் பிடித்தாள். பாவாடையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு வண்டியில் ஏறி, நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்கும்மா! இது நாய் வண்டி!"

"தெரியும். சந்தேகம் தீர்ற வரைக்கும் வெச்சிருப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த சந்தேகமே நாங்கதான். எங்களை விட்டுட்டு வெறும் நாயைக் கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க?"

ஃபெய்யாஸ் பெய் இதற்குப் பதில் தேடுவதற்குள் ஹய்ரி இரத்தக்கறை ஏப்ரனோடு ஏறிவிட்டான். இல்யாஸ் ஏறினார், கூண்டுக்குள் மாவுப் புகை கிளம்பியது. மெலாஹத் டீச்சரை இரண்டு பேர் தூக்கிவிட, ஊன்றுகோலால் ஒரு ஊழியரின் வெள்ளைக் கோட்டில் தட்டி, "நகரு பையா, உன் அப்பனுக்கே நான்தான் பாடம் நடத்தினேன்," என்றபடி அவரும் ஏறினார். கடைசியாகத் துர்முஷ், தேநீர்த் தட்டு ஒரு துளி சிந்தாமல். வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். இவர்கள் இயக்குநரக ஊழியர்கள் இல்லை.

"எடுய்யா வண்டியை!" என்று கத்தினார் ஃபெய்யாஸ் பெய். பயந்து இறங்கிவிடுவார்கள் என்று அவர் கணக்கு.

வண்டி கடற்கரைச் சாலையில் போனது. படகுக்குக் காத்திருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. கம்பிக்குப் பின்னால் நாலு கௌரவமான வியாபாரிகளும் ஒரு டீச்சரும் ஒரு நாயும், கையில் தேநீர் டம்ளர். சிக்னலில் நின்றபோது பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் ஓடிவந்தாள்.

"ஐயையோ, உங்களை எதுக்குப் புடிச்சாங்க?"

"நாய்க்கு சோறு போட்டோம் தங்கச்சி," என்றார் இல்யாஸ்.

"அடப்பாவிகளா! அதை நானும்தான் பண்றேன்," என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு நொடி யோசித்து, கையை எடுத்துவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னாள். "நானும்தான் பண்றேன்! வந்து புடிங்கடா பார்க்கலாம்!"

மலையேறும் வரை இதே கதை. ஒருவர் ஓடிவந்து கம்பிக்குள் வளைய ரொட்டிகளைத் திணித்தார். பின்னால் ஒரு டாக்ஸி ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது. முன்சீட்டில் ஃபெய்யாஸ் பெய் ஒரு கோப்பைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கோப்பு தலைகீழாக இருந்தது.

காப்பகத்தின் வாசலில் ஒரு சின்ன அறை. அதில் பெர்ரின் என்ற பெண் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தாள். மிஷினைக் கம்பிக்குள் நீட்டினாள். ஐந்து முறை கத்தியது. பிறகு நெர்மினின் கழுத்தருகே நீட்டினாள். கத்தவில்லை. ஹய்ரி தானாகவே தலையைக் குனிந்து காட்டினான். அதற்கும் கத்தவில்லை.

"இதுங்களுக்கு சிப்பு இல்லையேங்க," என்றாள் இயக்குநரிடம். "சிப்பு இல்லாத எதையும் உள்ள சேர்க்கக் கூடாதுன்னு உங்க சுற்றறிக்கை."

"அவங்க மனுஷங்கம்மா!"

"மனுஷங்களை எதுக்கு நாய்க்கூண்டுல ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

புகைப்படக்காரர் இந்த இடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"நாயை மட்டும் இறக்கிக்க," என்றார் ஃபெய்யாஸ் பெய், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எத்தனை?"

"எத்தனைன்னா?"

"அஞ்சு நம்பர் கத்திச்சு. அஞ்சு நாயை இறக்கினாத்தான் நான் ரசீது போட முடியும். ஒண்ணை இறக்கிட்டு அஞ்சுக்குப் போட்டா, மிச்சம் நாலை நான் வித்துத் தின்னுட்டேன்னு நாளைக்கு நீங்களே என்னை விசாரிப்பீங்க. வழியில நாலு தொலைஞ்சு போச்சுன்னு உங்க பேர்ல எழுதிக்கட்டுமா?"

"உனக்குக் கண்ணு தெரியலையா?" ஃபெய்யாஸ் பெய் கத்தினார். தேய்க்காத கோட்டின் கழுத்துப்பட்டை ஒருபக்கமாக மேலேறி நின்றது. "நல்லா பாரு! இருக்கறதே ஒண்ணுதானே! ஒரே ஒரு நாய்!"

உள்ளே எங்கோ நிறைய நாய்கள் குரைக்கும் சத்தம் கேட்டது. கூண்டிலிருந்த நாய் காதை நிமிர்த்திக்கொண்டு நெர்மினின் மடியோடு ஒட்டியது. முதல் தடவையாக அதன் உடம்பு நடுங்குவதை அவள் உணர்ந்தாள். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள்.

"அதைத்தானே ஐயா அன்னிக்கு உங்க ரூம்ல வந்து சொன்னோம்," என்றார் மெலாஹத் டீச்சர். "லேட்டா புரிஞ்சாலும் பரவாயில்ல. ஒண்ணுன்னு அங்காராவுக்கு எழுதறீங்களா? இல்ல, அஞ்சுன்னு இங்க இறக்கறீங்களா?"

ஃபெய்யாஸ் பெய் கணக்குப் போட்டார். ஒன்று என்றால் பதிவேடு பொய், கேடயம் பொய், அங்காராவிலிருந்து வந்த பாராட்டும் பொய். ஐந்து என்றால் அவர் பொறுப்பில் நாலு அரசாங்க நாய்கள் காணாமல் போயிருந்தன. அவர் தொண்டையைச் செருமினார்.

"வண்டியில ஏற்றப்பட்டது ஏற்றப்பட்டபடியே, ஏற்றப்பட்ட இடத்துக்குத் திருப்பி அனுப்பப்படட்டும்," என்றார். ஒன்றா, ஐந்தா என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

"அப்ப ஒப்படைப்புச் சீட்டு வேணும்," என்று பெர்ரின் அட்டையில் ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு கம்பி அருகே வந்தாள். "யாரோட நாய்?"

"எங்களுது," என்றாள் நெர்மின்.

"ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. ஒரு வரிதான் விட்டிருக்கு."

"சின்னதா எழுதும்மா. ஆள் நிறைய இருக்கோம்."

பெர்ரின் இயக்குநரைப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விதைத்தோலைத் துப்பிவிட்டு, அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். நெர்மின். ஹய்ரி. இல்யாஸ். துர்முஷ். டீச்சர் தன் முழுப்பெயரையும் எழுத்து விடாமல் எழுதவேண்டும் என்றார், அதையும் எழுதினாள்.

எழுதி முடித்த பிறகும் அவள் நகரவில்லை. ஒரு கையைக் கம்பிக்குள் விட்டு, நாயின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள்.

"ஓரத்துல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு," என்றாள். "என் பேரையும் போட்டுக்கட்டுமாக்கா?"